பல்லுயிர்த் தரவுகளுக்கு ஒரு தேசிய மையம்: கொங்கு நாட்டிலிருந்து ஒரு மடல்

தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காங்கயம், தாராபுரம் பக்கத்தில் உள்ள கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கயம் மாடு மேய்ந்து வளர்வது இங்கேதான். இந்த நிலத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்ற விவரம் நாட்டில் இல்லாமல் இல்லை, துண்டு துண்டாகக் கிடக்கிறது.

மாட்டினம் பதிவாகியிருப்பது ஹரியானாவில், கர்னாலில் உள்ள கால்நடை மரபுவள நிறுவனத்தில். செடிகளின் உலர் மாதிரிகள் கோவையில், இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல உலர்தாவரச் சாலையில். அங்கே மாதிரி ஒட்டிய தாள்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் உள்ளன. பூச்சிகளுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம். பறவைகளுக்குக் கோவை அருகே ஆனைகட்டியில் சாலிம் அலி மையம். போதாததற்கு எங்களைப் போன்றவர்கள் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றும் பட்டியல்கள். காற்றாலைக்கோ சாலைக்கோ ஆய்வு செய்பவர்கள் எடுக்கும் உயிரினப் பட்டியல் அறிக்கையின் பின்னிணைப்போடு முடிந்துவிடுகிறது.

அப்புறம், ஊரில் உள்ள உயிர்களையும் அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் எழுதிவைக்கும் ஊராட்சிகளின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேல் தயாராகிவிட்டன. எங்கள் வட்டாரத்தில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். ‘ஆமை – உண்டு’ என்று ஒரு வரி. எந்த ஆமை, குளத்திலா காட்டிலா, எந்த மாதம், பார்த்தது யார், எதுவும் இல்லை. அதே பக்கத்தில், மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் எந்தத் தழையை எந்தப் பக்குவத்தில் கொடுப்பது என்று ஒரு பெரியவர் சொன்னது அளவோடு எழுதியிருந்தது. முதல் வரி எந்த ஆராய்ச்சிக்கும் உதவாது. இரண்டாவது ஊர் மக்களின் அறிவு, அதை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகும்படி விடவே கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்து வேலை செய்ய ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால்தான் தேசிய ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைக் கேட்கிறேன். இன்னொரு இணையதளம் போதாது. அவை ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. வேண்டியது சம்பளத்துக்கு ஆட்களும் நிரந்தர நிதியும் உள்ள ஓர் அலுவலகம். தாவரவியல் அளவைத் துறை சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ், கால்நடை நிறுவனம் வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ், வேளாண் பல்கலைக்கழகம் மாநில அரசின் கீழ். ஒருவர் கேட்டால் இன்னொருவர் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது? மெக்சிகோ 1992இலேயே பல அமைச்சகங்களையும் ஒன்றாக உட்காரவைத்து இதற்கென ஓர் ஆணையம் அமைத்தது. பல நாடுகளின் உயிரினப் பதிவுகளை ஒரே இடத்தில் தரும், கோபன்ஹேகனில் செயலகம் உள்ள உலகப் பல்லுயிர்த் தகவல் வசதி (GBIF) 2001 முதல் நடப்பதும், அந்தந்த நாட்டில் இப்படிப் பொறுப்பேற்றுச் செய்பவர்களை நம்பித்தான்.

பதிவுகளுக்கு டார்வின் கோர் என்ற பொது வடிவம் இருக்கிறது. என்ன உயிர், எங்கே, எப்போது, யார் பார்த்தது, எதை வைத்துச் சொல்கிறோம் என்பதற்கெல்லாம் அதில் இடம் உண்டு. அதைத் தமிழில் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தால் ஊராட்சி எழுத்தர் நிரப்பிவிடுவார். நட்சத்திர ஆமை, தேவாங்கு போன்றவை இருக்கும் சரியான இடத்தைப் பொதுவில் காட்டக் கூடாது. கடத்துகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும். தரவு கொடுத்தவரின் பெயர் அதோடு கடைசிவரை போகவேண்டும். பெயர் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் கொடுக்கவே தயங்குகிறார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கோவையில் தொடங்குங்கள். இவ்வளவு நிறுவனங்கள் அடுத்தடுத்து இருக்கும் ஊர் வேறு அதிகம் இல்லை. முதல் வேலையாகக் கொறங்காடு உள்ள ஊராட்சிகளின் பதிவேடுகளை எடுத்து, கோவையில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். வயலுக்கு வந்து காட்டவும் எழுதித் தரவும் இங்கே ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
காங்கயம் வட்டாரத்துப் பறவை ஆர்வலர் ஒருவர்