மைக் இல்லாத கச்சேரிக்கு கேட்டை திறந்து விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் மாசம் வந்தா உங்க பேப்பர்ல தினமும் எந்த சபால யாரு கச்சேரின்னு போடறீங்க, காலைல காபி டம்ளரோட நான் மொதல்ல தேடறது அந்த பகுதியதான். மத்த பதினொரு மாசத்துக்கும் அதே மாதிரி ஒரு சின்ன பகுதி வேணும்னு கேக்கத்தான் இந்த லெட்டர், அதுவும் பெரிய வித்வான்களுக்காக கேக்கல, மியூசிக் காலேஜ்ல படிக்கற பசங்களுக்காக. விவரமா எழுதறேன், நீளமா போச்சுன்னா நடுவுல வெட்டிக்கோங்க, கடைசி பாராவ மட்டும் விட்டுடாதீங்க.

போன வருஷம் ஆறு மாசம் பொண்ணு வீட்டுல இருந்தேன். அமெரிக்கால இண்டியானா மாநிலத்துல ப்ளூமிங்டன்னு ஒரு ஊரு, சுத்தி மக்காச்சோள வயல், நடுவுல ஒரு யூனிவர்சிட்டி. பகல்ல பொண்ணும் மாப்பிள்ளையும் ஆபீஸ், பேரன் ஸ்கூல், வீட்டுல நான் ஒத்த ஆளு. அந்த யூனிவர்சிட்டில ஜேக்கப்ஸ் ஸ்கூல் ஆஃப் மியூசிக்னு ஒரு இசைப் பள்ளி இருக்கு, 1921ல ஆரம்பிச்சது, வருஷத்துக்கு 1,100 நிகழ்ச்சிக்கு மேல நடக்குதாம், அதுல பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. ஏன் இவ்ளோன்னா அங்க பாட்டோ வாத்தியமோ படிச்சு டிகிரி வாங்கணும்னா ஜனங்க முன்னாடி தனிக் கச்சேரி பண்ணியே ஆகணும், அதுக்கும் மார்க் உண்டு. அந்தக் கச்சேரிக்கு ரோட்டுல போற யாரு வேணா உள்ள போய் உக்காரலாம், யாரு நீ எங்கேருந்து வரேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பொண்ணு கொண்டு போய் விட்டா, நானும் போய் உக்காந்தேன்.

மொத நாள் கேட்டது ஒரு பையனோட பாட்டு. அவன் ஒருத்தன், பியானோல இன்னொரு பொண்ணு, மேடைல வேற யாரும் இல்ல, மைக்கும் இல்ல. ஷூமான்ங்கற ஜெர்மன்காரர் 1840ல ஹைனேங்கற கவிஞரோட கவிதைகள எடுத்து மெட்டு போட்ட 16 பாட்டு, கவிஞனோட காதல்னு பேரு, காதல் பூத்து, கைவிட்டுப் போயி, கடைசில எல்லாத்தையும் ஒரு பெரிய பொட்டில போட்டு கடல்ல இறக்கிடற கதை. உள்ள நுழையறப்பவே கைல ஒரு தாள் குடுத்துட்டாங்க, ஒரு பக்கம் ஜெர்மன் வரி, பக்கத்துல இங்கிலீஷ் அர்த்தம். எனக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது, ஆனா அந்த தாள வெச்சுகிட்டு வரி வரியா அவன் கூடவே போயிட்டேன். நடுவுல ஒரு இடத்துல பையன் அடிய மறந்துட்டான், பியானோ பொண்ணு அவன திரும்பி கூட பாக்காம அடுத்த அடிக்கு தாவி அவனையும் சேத்து இழுத்துகிட்டு போனா பாருங்க, நம்ம ஊர்ல நல்ல வயலின் பக்கவாத்தியம் பண்றத அப்படியே பாத்த மாதிரி இருந்துது. கடைசி பாட்டுல பையன் பாடி முடிச்சு சும்மா நிக்கறான், பியானோ மட்டும் ரொம்ப நேரம் தனியா வாசிக்குது, ஷூமான் எழுதினதே அப்படித்தான், பாடறவன் சொல்ல முடியாதத பியானோ சொல்லி முடிக்குது. மொத்தம் முப்பது பேர் இருப்போம், ஒருத்தரும் அசையல.

அதுக்கப்புறம் வாரத்துக்கு மூணு நாலு போக ஆரம்பிச்சேன். அதிகமா கேட்டது சேம்பர் மியூசிக். சேம்பர்னா அறைதான், அரண்மனைலயும் பெரிய வீட்டுலயும் ஒரு ரூமுக்குள்ள உக்காந்து வாசிக்கறதுக்குன்னே எழுதினது. ரெண்டு வயலின், வயலினவிட கொஞ்சம் பெரிசா இருக்கற வியோலா ஒண்ணு, கால் நடுவுல நிறுத்தி வாசிக்கற செல்லோ ஒண்ணு, இந்த நாலுதான் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். குச்சி வெச்சு நடத்தறவர் கிடையாது, தாளம் போடறவரும் கிடையாது. மொத வயலின் மூச்சு இழுக்கறது நம்ம காதுல விழுது, அந்த மூச்சுலயே நாலு வில்லும் ஒண்ணா இறங்குது. நான் சின்ன வயசுல எட்டு வருஷம் வீணை கத்துகிட்டவ, அதனால சொல்றேன், இது சும்மா வராது, நாலு பேரும் மாசக்கணக்குல ஒரே ரூம்ல உக்காந்து சண்ட போட்டு சமாதானமாகி சாதகம் பண்ணிருக்கணும்.

ஒரு ராத்திரி ஷூபெர்ட்ங்கற இசையமைப்பாளரோட குவின்டெட் கேட்டேன், அதாவது அஞ்சு பேர் சேந்து வாசிக்கறது, அதுல செல்லோ ரெண்டு. 1828ல எழுதிருக்காரு, எழுதி ரெண்டு மாசத்துல 31 வயசுல போயிட்டாரு, ஜனங்க முன்னாடி அது மொத தடவ வாசிக்கப்பட்டதே 1850லதான், அவரு கேக்கவே இல்ல. ரெண்டாவது பகுதி ரொம்ப மெதுவா போகும், நடுவுல மூணு பேர் நீளமா இழுத்துகிட்டே இருக்க மேல ஒரு வயலினும் கீழ ஒரு செல்லோவும் கிள்ளி கிள்ளி பேசிக்கும். அத வாசிச்ச பசங்களுக்கு இருபது இருபத்தி ரெண்டு வயசுதான் இருக்கும். எனக்கு கண்ணுல தண்ணி நிக்கல.

வயலுக்கு நடுவுல இருக்கற ஊருக்கு இது எப்படி வந்துதுன்னு பொண்ண கேட்டு படிச்சு பாத்தேன். மெனஹெம் ப்ரெஸ்லர்னு ஒரு பியானோ மேதை, ஜெர்மனில பொறந்த யூதர், 1939ல நாஜிகளுக்கு பயந்து குடும்பத்தோட தப்பிச்சவரு. 1955ல ப்ளூமிங்டனுக்கு வாத்தியாரா வந்தாரு, அதே வருஷம் பியானோ, வயலின், செல்லோ மூணும் சேந்த போசார் ட்ரியோவ ஆரம்பிச்சு 2008 வரைக்கும் உலகம் பூரா வாசிச்சாரு, ஆனா சொல்லிக் குடுக்கறத நிறுத்தவே இல்ல, 2023ல 99 வயசுல காலமானாரு. ஹங்கேரிலேருந்து வந்த செல்லோ மேதை யானோஸ் ஸ்டார்க்கர் 1958ல சேந்து இருந்த கடைசி வரைக்கும் அந்த ஊர்தான். நியூயார்க் சிட்டி ஆபராங்கற இசை நாடகக் குழுல 1946லயே பாடின கறுப்பினப் பாடகி கமில்லா வில்லியம்ஸ் அங்க குரலிசைப் பேராசிரியரா இருந்தவங்க. இப்படிப்பட்டவங்க வருஷக்கணக்கா ஒரே இடத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருக்காங்க, அந்தப் பசங்க வாசிச்சத ஊர் ஜனம் காசில்லாம போய் கேட்டிருக்கு. நான் போனப்ப முன் வரிசைல தவறாம ஒரு வயசான தம்பதி வருவாங்க, எந்தப் பையன் போன வருஷத்தவிட நல்லா வாசிக்கறான்னு அவங்களுக்கு தெரியுது.

நம்மகிட்ட இல்லாத விஷயமா இது? வயலினே வெள்ளைக்காரங்ககிட்டேருந்து முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கத்துகிட்டு நம்ம சங்கீதத்துக்கு கொண்டு வந்ததுதான். நம்ம கச்சேரியும் ரூமுக்குள்ள பொறந்ததுதான், கூடத்துல பாய் விரிச்சு உக்காந்து கேட்டது. என் வீணையவே எடுத்துக்கோங்க, பத்தடி தூரத்துல உக்காந்தாதான் தந்திய இழுத்துப் பிடிக்கற கமகம் முழுசா காதுல விழும், மைக் வெச்சு பெரிய ஸ்பீக்கர்ல விட்டா மீட்டற சத்தம்தான் டணார் டணார்னு வருது, அதோட உயிரா இருக்கற அந்த இழுப்பு காணாம போயிடுது. மிருதங்கத்தையும் அப்படி ஏத்தி விட்டுடறாங்க, பாடறவங்க அதுக்கு மேல கத்த வேண்டிருக்கு.

ஊருக்கு திரும்பி வந்ததும் ஒரு மியூசிக் காலேஜுக்கு போனேன், எந்த ஊரு எந்த காலேஜுன்னு வேண்டாம். உள்ளேருந்து யாரோ ஒரு பொண்ணு பைரவி பாடறது கேட்டுது, அவ்ளோ நல்லா இருந்துது. கேட்ல இருந்த செக்யூரிட்டிகிட்ட பசங்க கச்சேரி என்னிக்கு நடக்கும் தம்பின்னு கேட்டேன். "வெளி ஆளுங்கள விடறதில்லம்மா, பரீட்சைதான் நடக்கும், வாத்தியாருங்க மட்டும்தான் கேப்பாங்க"ன்னாரு. அவர் மேல தப்பு இல்ல, சொல்லி வெச்சிருக்கறத சொன்னாரு. ஆனா கேட்டுக்கு வெளிய வெயில்ல நின்னுகிட்டு அந்த பைரவிய பாதி கேட்டுட்டு வந்தேன் சார், மனசு ஆறல. அந்தப் பொண்ணு மூணு பேர் முன்னாடி பாடி மார்க் வாங்கிட்டு போயிடும், அப்புறம் சபால சான்ஸ் கேட்டு அலையணும், அலைஞ்சாலும் கெடைக்குமான்னு தெரியாது. இங்க கேக்க ஆசைப்படற என்ன மாதிரி ரிட்டயர்டு ஆளுங்க சாயந்திரம் டிவி முன்னாடி உக்காந்திருக்கோம்.

அதனால கேட்டுக்கறது இதுதான். தமிழ்நாட்டுல இசை சொல்லிக் குடுக்கற யூனிவர்சிட்டி, காலேஜ் எல்லாத்துக்கும் உங்க பேப்பர் மூலமா எழுதுங்க, செமஸ்டர் முடிவுல பசங்க பாடறப்பவும் வாசிக்கறப்பவும் கேட்ட திறந்து விடச் சொல்லுங்க, சின்ன ரூம் போதும், இருபது சேர் போதும், மைக் வேண்டாம், பாட்டு வரிய மட்டும் ஜெராக்ஸ் எடுத்து கைல குடுத்தா பெரிய உபகாரம். தேதிய அவங்க உங்களுக்கு அனுப்பட்டும், நீங்க "இன்றைய நிகழ்ச்சிகள்"ல நாலு வரி போடுங்க. பேப்பர்ல வந்த அன்னிக்கே அந்த பைரவிப் பொண்ணு பாடற இடத்துக்கு மொத ஆளா நான் போய் உக்காருவேன்.

இப்படிக்கு,
உங்க நாப்பது வருஷ வாசகி