சாதனையா, சமனா?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. உன் பேரன் நாட்டுக் கொடிகளை அடையாளம் சொல்லி வாங்கிய 'இளம் சாதனையாளர்' கேடயத்தோடு நிற்கும் போட்டோவையும் பார்த்தேன். அப்படியே உங்கள் அப்பா ஜாடை. "இதெல்லாம் சாதனையாடா?" என்று நீயே கேட்டிருக்கிறாய், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. ஆட்சிக்கு வந்து நூறு நாள் ஆனால் சாதனை, தீபாவளிக்குச் சரக்கு விற்றால் சாதனை. விளையாட்டுப் பக்கத்தில்தான் அதற்கு ஒரு கறார் இருக்கிறது. ஏற்கெனவே ஓர் எண் பதிவாகியிருக்க வேண்டும். அதைத் தாண்டினால் முறியடிப்பு, தொட்டு நின்றால் சமன்.

பி.டி. உஷாவை எடுத்துக்கொள். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், 55.42 விநாடி. வெண்கலம் வாங்கிய ருமேனிய வீராங்கனைக்கு 55.41. அந்த வேகத்தில் நூறில் ஒரு விநாடி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். ஏழு சென்டிமீட்டர்தான் வருகிறது, ஆள்காட்டி விரல் நீளம்! கைநழுவிப் போன பதக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்த 55.42 தேசிய சாதனையாக அசையாமல் இருந்ததை யார் கவனித்தோம்?

2023 செப்டம்பரில் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் சண்டிகரில் 55.43 விநாடியில் ஓடினார். மறுபடியும் அதே விரல் நீளம்! அடுத்த மாதம் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் சரியாக 55.42. முப்பத்தொன்பது வருடம் கழித்து உஷாவின் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர். மறுநாள் இறுதிப் போட்டியில் 55.68, வெண்கலம். பதக்கம் வந்தது இந்த ஓட்டத்துக்குத்தான், ஆனால் எனக்கு முந்தைய நாள் ஓட்டம்தான் பெரிசு. முறியடித்திருந்தால்கூட இவ்வளவு பிடித்திருக்குமா, தெரியவில்லை. செய்தித்தாள்களுக்கு 'சமன்' என்றால் கொஞ்சம் இளக்காரம், அது வேறு விஷயம்.

சரி, பையன் விஷயம். எத்தனை நாட்டுக் கொடி சொன்னான், அவனுக்கு முன்னால் அதிகம் சொன்ன பிள்ளை யார் என்று கேடயத்தில் போட்டிருக்கிறதா? இல்லையென்றால் அதைப் பரிசு என்றே வைத்துக்கொள்வோம். போன மாதத்தைவிடக் கூடுதலாகச் சொன்னானா என்று கேள். அதற்கு ஓட்டக்காரர்கள் 'பெர்சனல் பெஸ்ட்' என்பார்கள். இந்த வயதில் அது போதும். இதை உன் மருமகளிடம் படித்துக் காட்டிவிடாதே, அப்புறம் உன் வீட்டில் எனக்குக் காபி கிடைக்காது.

எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் கொஞ்ச நாள் விட வேண்டும். பொங்கல் கழித்து அந்தப் பக்கம் வருகிறேன். பஸ்ஸா ரயிலா என்பதை அப்புறம் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்