கார்லா பிளேக்கு ஒற்றை வரி போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வரும் ஜாஸ் பியானோ கலைஞர்களைப் பற்றிய தொடரை முதல் பகுதியிலிருந்தே விடாமல் வாசித்து வருகிறேன். சென்ற இதழில் பால் பிளேயைப் பற்றி வந்த கட்டுரையும் அக்கறையுடன்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதன் நடுவே, “அவருடைய மனைவி கார்லாவும் சில மெட்டுகளை அமைத்துக் கொடுத்திருக்கிறார்” என்று ஒரு வரி வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெயரே இல்லை. ஜாஸ் இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான கார்லா பிளே யார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் இவ்வரி அச்சேறியிருக்கிறதே என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

கட்டுரையாளர் பால் பிளேயின் உச்சம் என்று கொண்டாடுவது 1972-இல் பதிவான ‘ஓப்பன், டு லவ்’ என்ற தனிப் பியானோ இசைத்தட்டை. நானும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதிலுள்ள ஏழு உருப்படிகளில் மூன்று கார்லா எழுதியவை, இரண்டு இசையமைப்பாளர் அன்னெட் பீக்காக் எழுதியவை, இரண்டு மட்டுமே பால் பிளேயினுடையவை. கட்டுரையாளர் மனமுருகி விவரிக்கும் ‘ஐடா லுபினோ’ கார்லாவின் படைப்பு. 1964-இல் பதிவான ‘பராஜ்’ தட்டில் எல்லா உருப்படிகளுமே அவருடையவை. அந்த ஆண்டுகளில் பால் பிளேயின் விரல்கள் தேடிச் சென்ற இசையில் பெரும்பகுதியை எழுதிய ஒருவரை, ‘சில மெட்டுகள்’ என்ற இரண்டு சொற்களில் எப்படி அடக்க முடிந்தது?

அவரிடம் மெட்டு வாங்கியவர் கணவர் மட்டுமல்லர். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1936-இல் பிறந்து, பியானோ ஆசிரியரும் தேவாலயப் பாடற்குழுத் தலைவருமான தந்தையிடம் முதற்பாடம் கற்று, பதின்ம வயதிலேயே நியூயார்க் சென்று, பேர்ட்லாண்ட் என்ற ஜாஸ் அரங்கில் சிகரெட் விற்றபடி ஒவ்வோர் இரவும் பெரிய வித்துவான்களைக் கேட்டே வளர்ந்தவர் அவர். தமக்கென்று ஒரு குழு அமையும் முன்பே ஜாஸ் கலைஞர்களான ஜார்ஜ் ரசலும் ஜிம்மி ஜுஃப்ரியும் ஆர்ட் ஃபார்மரும் அவர் எழுதியதை வாசித்துப் பதிவு செய்தார்கள். கேரி பர்ட்டன் 1968-இல் ஒரு முழுத் தட்டையே அவருடைய இசைக்காக ஒதுக்கினார். இவர்கள் யாரும் ஒருவரின் மனைவி என்பதற்காக அவரிடம் போகவில்லை.

பின்னர் 1971-இல் மூன்று இசைத்தட்டுகளாக வெளிவந்த ‘எஸ்கலேட்டர் ஓவர் த ஹில்’ பற்றியாவது ஒரு சொல் இருக்கும் என்று பக்கத்தைத் திருப்பினேன், இல்லை. கவிஞர் பால் ஹெயின்ஸ் இந்தியாவில் தங்கியிருந்தபோது தபாலில் அனுப்பிய கவிதைகளுக்கும் சேர்த்து கார்லா இசையமைத்த அந்தப் படைப்பில், ராக் பாடகர் ஜாக் புரூஸ், நாட்டுப்புற ராக்கில் பெயர் பெற்ற லிண்டா ரான்ஸ்டட், டிரம்பெட் கலைஞர் டான் செரி, கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் என்று ஒரே மேடையில் சேர்வார்கள் என நினைத்தும் பார்க்க முடியாதவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். கேளிக்கை விடுதிப் பாட்டும், பேண்டு வாத்தியமும், ராக்கும், நம் பக்கத்து ராகச் சாயலும் ஒன்றையொன்று விழுங்காமல் அதில் நிற்பதற்கு, எதை எங்கே வைப்பது என்று தீர்மானித்த ஒரே மனம்தான் காரணம். அதே மனம் 1981-இல் வெளியான ‘ஃபிக்டிஷஸ் ஸ்போர்ட்ஸ்’ தட்டின் அத்தனை பாடல்களையும், சொற்கள் உட்பட, எழுதியது. அது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் நிக் மேசன் பெயரில் வந்ததால், அங்கும் கார்லாவின் பெயர் பலருக்கும் தெரியாமல் போயிற்று.

இந்த இடத்தில், இதற்கு முன்பே எனக்கிருந்த ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழில் பேஸ் கலைஞர் சார்லி ஹேடனின் ‘லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா’ பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க்காலப் பாடல்களை ஒரு ஜாஸ் குழு எவ்வளவு கம்பீரமாக எடுத்தாண்டிருக்கிறது என்று அதில் வியந்திருந்தீர்கள். ஹேடனின் துணிவையும் பேஸ் வாசிப்பையும் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 1969-இல் அதைப் பதிவு செய்தபோது, பழைய போர்ப்பாட்டை டியூபாவிடம் கொடுப்பதா கிளாரினெட்டிடம் கொடுப்பதா, ஒரு பாடல் முடிந்து அடுத்தது எந்தக் கணத்தில் எழ வேண்டும், சாக்ஸபோன்கள் எங்கே கட்டுக்கடங்காமல் போகலாம், எங்கே எல்லோரும் ஒரே அணியாக நடக்க வேண்டும் என்றெல்லாம் தாளில் எழுதி அரேஞ்ச் செய்தவர் கார்லா. ஈராக் போரை எதிர்த்து 2005-இல் வந்த ‘நாட் இன் அவர் நேம்’ வரையிலும் அந்தக் குழுவின் ஒலி அவர் எழுத்திலிருந்துதான் பிறந்தது. 2014-இல் ஹேடன் இறந்தபின் குழுவை முன்நின்று நடத்தி, பாதியில் நின்றிருந்த ‘டைம்/லைஃப்’ தட்டை நிறைவு செய்தவரும் அவரே. அந்தக் கட்டுரையில் அவர் பெயர் ஒரே ஒருமுறை, பியானோ வாசித்தவர் என்று வந்தது. அப்போது நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை; இட நெருக்கடியாக இருக்கலாம் என்று எண்ணி அமைதியானேன். 2023 அக்டோபரில் கார்லா பிளே தம் 87-ஆம் வயதில் மறைந்தபோதும் தங்கள் இதழில் ஓர் அஞ்சலிக் குறிப்புக்காகக் காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று தாங்கள் நினைக்கக்கூடும். எங்கள் ஊர்த் தேவாலயப் பாடற்குழுவுக்குப் பல்லாண்டுகள் நான்கு குரல்களுக்கும் பிரித்து நோட்ஸ் எழுதித் தந்தவள் நான். டெனருக்கு ஆள் குறைந்தால் ஆல்டோவை எங்கே இறக்குவது, ஆர்கன் எங்கே ஒதுங்கிக்கொள்வது என்பதை இரவெல்லாம் உட்கார்ந்து தீர்மானித்தாலும், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சித் தாளில் கை அசைத்து நடத்தியவரின் பெயரும் தனிக்குரல் பாடியவர்களின் பெயர்களும் மட்டுமே அச்சாகும். கார்லா பிளேயின் மேதைமைக்கு அருகில் வைக்கத்தக்கதல்ல என் வேலை. ஆயினும், எழுதிக் கொடுப்பவர் பெயர் எவ்வளவு சுலபமாக உதிர்ந்துவிடுகிறது என்பதை அருகிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது யாரோ ஒருவர் ஒரு வரியைச் சேர்க்காமல் விடுவதால் நடப்பது.

கார்லா இதை நன்றாகவே அறிந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பெரிய கம்பெனிகளை நம்பியிருக்காமல், இரண்டாம் கணவர் மைக்கேல் மாண்ட்லருடன் சேர்ந்து ‘வாட்’ என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தம்மைப் போன்ற மற்ற கலைஞர்களின் தட்டுகளும் கடைகளுக்குப் போய்ச் சேர ஒரு விநியோக அமைப்பையும் நடத்தினார். தம் பெயரிலேயே பித்தளை வாத்தியங்கள் முழங்கும் குழுவை அமைத்து ஐரோப்பா முழுவதும் அழைத்துச் சென்றார். அமெரிக்க அரசின் ‘ஜாஸ் மாஸ்டர்’ விருது 2015-இல் அவருக்கு வழங்கப்பட்டது. தாமே இவ்வளவு போராடி நிலைநிறுத்திய பெயரை மறுபடியும் முன்னாள் கணவரின் பக்கத்தில் ஒட்டுக்குறிப்பாக வைப்பது தங்கள் இதழுக்கு அழகல்ல.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள்: பால் பிளே வாசித்த உருப்படிகளில் எவையெவை கார்லா பிளே, அன்னெட் பீக்காக் ஆகியோருடையவை என்று அதில் இருந்தால் போதும். இத்தொடரில் இனி எந்த இசைத்தட்டைக் குறிப்பிட்டாலும் எழுதியவர், அரேஞ்ச் செய்தவர் பெயர்களையும் வாசித்தவர் பெயரோடு சேர்த்து அச்சிடும்படி கட்டுரையாளரிடம் அன்புடன் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
நாகர்கோவில்