வேர் மறப்பதும் குருத்து நினைப்பதும்

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகன் தாவரவியல் படிக்கப் போகிறான் என்று வாசித்ததும் எவ்வளவு சந்தோசம்! இங்கே எல்லோரும் சுகம். வெள்ளவத்தையில் பின்னேரமானால் மழை, காலி வீதி வழக்கம்போல நெரிசல்.

போன கிழமை ஏ.எல். பிள்ளைகளுக்கு ஈரப்பஞ்சில் கடுகு முளைக்கவைத்துக் காட்டினேன். கைவில்லையால் பார்த்தால் வேரைச் சுற்றி வெள்ளை மயிர் பொசுபொசுவென்று நிற்கிறது. “பக்கத்துப் பக்கத்துக் கலங்கள்தானே மிஸ், ஒன்றில் மட்டும் ஏன் மயிர்?” என்று ஒருத்தி கேட்டாள். அருமையான கேள்வி.

எல்லாக் கலத்திலும் ஒரே டி.என்.ஏ. தான். நூற்கட்டையில் நூல் சுற்றியதுபோல அது ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றியிருக்கிறது, கட்டைக்கு ஏறக்குறைய 147 மூலச்சோடி (டி.என்.ஏ. எழுத்துச் சோடி). இப்படிச் சுற்றிய டி.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்ததுதான் குரோமட்டின். இறுகிய இடத்தை வாசிக்க முடியாது, தளர்ந்த இடத்தை வாசிக்கலாம். கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியான அரபிடோப்சிஸின் வேரில், உள்ளேயுள்ள இரண்டு மேற்பட்டைக் கலங்கள் சந்திக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் மேற்றோற் கலம் மயிர் விடும். ஒரே கலத்தின்மேல் இருப்பது விடாது. மயிர் விடாத கலத்தில், மயிரைத் தடுக்கும் ஜி.எல்.2 என்ற பரம்பரையலகைச் சுற்றிக் குரோமட்டின் திறந்திருக்கும், மயிர்க் கலத்தில் மூடியிருக்கும். கலம் பிரிந்து மகட்கலம் அடுத்த இடத்துக்குப் போய்விட்டால் குரோமட்டினும் புது இடத்துக்கேற்ப மாறுகிறது என்று 2006இல் கோஸ்டா, ஷா என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாய் என்னவாக இருந்தாள் என்பது அங்கே செல்லாது!

அதே செடியில் எஃப்.எல்.சி. பரம்பரையலகு நேர் எதிர். அது பூப்பதைத் தடுப்பது. கிழமைக்கணக்கில் குளிர் பட்டால் பரம்பரையலகுகளை மூடிவைக்கும் பொலிகோம்ப் புரதங்கள் வந்து ஹிஸ்டோனில் மெதைல் கூட்டங்கள் என்ற சின்ன இரசாயன அடையாளங்களை ஒட்டி அதை மூடிவிடும். வெயில் வந்த பிறகும், கலம் எத்தனை தரம் பிரிந்தாலும், மூடியது மூடியதுதான். அடுத்த வித்தின் முளையத்தில்தான் திறக்கும். அந்த வித்தில் முளைக்கும் செடிக்கு அதன் சொந்தக் குளிர் வேண்டும்.

வேரில் உடனே மறக்கிறது, குருத்தில் மாதக்கணக்காக நினைக்கிறது. இதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது, வசந்தி. கலம் தனக்கென்று ஒரு வேலைக்கு ஏற்ப மாறுவதை வியத்தம் என்று ஒரு வரியில் குறிப்புக் கொடுத்துவிடுகிறோம், என்னவோ ஒருதரம் நடந்து முடிந்த விசயம் மாதிரி. பொலிகோம்ப் பழுதான செடியில் முற்றிய வேர்மயிர்க் கலமே திரும்பப் பிரியத் தொடங்கி, உருவமில்லாத இழையத் திரளாகிவிடுகிறது. அப்படியென்றால் கலம் தன்னைத் தானாக வைத்திருக்க நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கிறது.

சரி, மகனிடம் சொல்: அங்கே நல்ல நுணுக்குக்காட்டி கிடைத்தால் முதலில் வேர்நுனியைப் பார்க்கட்டும். படம் எடுத்தால் அனுப்பட்டும், வகுப்பில் காட்டுவேன். அப்புறம், டிசம்பரில் வருவதென்றால் முன்கூட்டியே எழுது, மேல் அறையைத் துப்புரவாக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
கலா