மலைப்பாதையில் போய்வரும் லேப்டாப்புக்கு எடை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி திறக்கும் பருவத்திலும் தீபாவளி சமயத்திலும் வரும் லேப்டாப் விளம்பரங்களில் '1.2 கிலோ மட்டுமே' என்ற வரிதான் பெரிய எழுத்தில் நிற்கிறது. உதகைக்கும் கோவைக்கும் வாரந்தோறும் போய்வரும் மாணவர்கள், எஸ்டேட் அலுவலர்கள், தணிக்கைப் பணியாளர்கள் அதை நம்பி வாங்குகிறார்கள். எடை குறைவது நல்லதுதான். ஆனால் மேட்டுப்பாளையத்தின் சுமார் 330 மீட்டரிலிருந்து உதகையின் 2,240 மீட்டருக்கு ஏறி இறங்கும் கருவி என்றால் கடையில் இன்னும் பல கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

முதலில் அந்த எடைக் கணக்கே முழுமையானது இல்லை. விளம்பர எடையில் சார்ஜர் சேராது. பழைய பாணி சார்ஜரும் அதன் தடித்த மூன்று முள் வயரும் சேர்ந்தால் 300 கிராமைத் தாண்டிவிடும். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடல் என்றால், கேலியம் நைட்ரைடு (GaN) என்ற குறைகடத்தியால் சிறிதாகச் செய்த 65 வாட் சார்ஜர் ஒன்றே லேப்டாப்புக்கும் போனுக்கும் போதும். எடையும் பாதிக்குமேல் குறையும். 65 வாட் என்பது 20 வோல்ட், 3.25 ஆம்பியர். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் கடத்தும் என்பதால் 60 வாட்டுக்கு மேல் வராது. சில லேப்டாப்கள் 'மெதுவான சார்ஜர்' என்று எச்சரிக்கும். 5 ஆம்பியர் கேபிளாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது 'மிலிட்டரி கிரேடு' ஸ்டிக்கர். அது குறிப்பிடும் எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2019இல் வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. தேறிய பொருளுக்கு அத்துறை சான்றிதழ் எதுவும் தருவதில்லை. எந்தச் சோதனையை எந்த அளவுக்குச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்யலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் அதிர்வு, ஈரப்பதம், கீழே விழுதல் ஆகிய மூன்றுக்கும் சோதித்ததாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மலைக்கு அந்த ஸ்டிக்கரால் பயனில்லை.

மெலிந்த லேப்டாப்களில் சீக்கிரம் போவது, மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் கீல். கீலைப் பிடித்திருக்கும் திருகுகள், பிளாஸ்டிக் உடலில் பதித்த சிறு பித்தளைக் குமிழ்களில் இறங்கியிருக்கும். இறுகலான கீலை ஒரு மூலையிலிருந்தே தினமும் தூக்கித் திறந்தால் குமிழ் பிளாஸ்டிக்கை விட்டுப் பெயர்ந்துவிடும். பிறகு மூடியின் விளிம்பு பிளக்கும், டிஸ்பிளே கேபிள் நசுங்கும், திரையில் கோடு விழும். கடையிலேயே சோதித்துவிடலாம். மூடியின் நடுவில் ஒற்றை விரலால் திறக்கும்போது அடிப்பாகம் கூடவே எழும்பக் கூடாது. பாதி திறந்து லேசாக ஆட்டினால் திரை சாயக் கூடாது. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உடல் முறுகிச் சத்தம் போடக் கூடாது. அலுமினியம், மெக்னீசியக் கலவை என்று சொன்னால், மூடி மட்டுமா, அடிச்சட்டமும் அதுதானா என்று கேளுங்கள். மூடியை உலோகமாகப் போட்டுவிட்டு, கீல் உட்காரும் இடத்தைப் பிளாஸ்டிக்காக விட்ட மாடல்கள் சந்தையில் உண்டு.

கீழே விழாமலே திரை உடைவதும் உண்டு. நெரிசலான பேருந்தில் முதுகுப்பை கம்பியோடு சேர்ந்து அழுந்தும்போது, உள்ளே சார்ஜர் மூடியின் மேல் கிடந்தால் மெல்லிய மூடி தாங்காது. சார்ஜரைத் தனி அறையில் வைக்க வேண்டும். கேமராவின் மேல் ஒட்டும் தடித்த மூடியும் வேண்டாம்; லேப்டாப்பை மூடும்போது திரையை அதுவே கீறிவிடும்.

செகண்ட்ஹேண்டில் வாங்குவோர் ஹார்ட் டிஸ்க் உள்ளதைத் தவிர்க்க வேண்டும், அல்லது சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் மாற்றித்தான் எடுக்க வேண்டும். உதகை-மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கும் வண்டியில், மடியில் வைத்து வேலை செய்தால் சுழலும் தட்டில் முனை உரசிக் கோப்புகள் போய்விடலாம். ரேம் போர்டிலேயே பற்றவைத்த மாடலில் பிறகு கூட்ட வழியில்லை. 16 ஜிபியாகவே வாங்குவது நல்லது.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் உதகைக் குளிருக்குத்தான் அஞ்சுகிறார்கள். ஆபத்து கீழே இறங்கும்போது இருக்கிறது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த லேப்டாப்பை மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில் வெளியே எடுத்ததும் உலோகத்தின் மேல் வியர்க்கும். உள்ளே மதர்போர்டிலும் அதே ஈரம் படியும். அந்த நேரத்தில் ஆன் செய்தால் ஷார்ட் ஆகலாம், ஆகாவிட்டாலும் நாளடைவில் செம்புத் தடங்கள் அரிக்கும். ஜிப்பைத் திறக்காமல் பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் விட்டால் போதும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் லேப்டாப்பை வாரக்கணக்கில் பீரோவில் வைக்கக் கூடாது. தினமும் சிறிது நேரம் ஓடினால் அந்தச் சூடே உள்ளே உலர்த்தும். பையில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்துக்கொள்ளலாம். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் திடீர் மழைக்குக் கடையில் கவர் கிடைக்காது. மழையுறையுள்ள பையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 'தண்ணீர் சிந்தினாலும் தாங்கும் கீபோர்டு' என்றால், உடனே அணைத்துக் கவிழ்க்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். மழையில் நனைக்கலாம் என்று பொருளில்லை.

ஸ்லீப்பில் விட்டுப் பையில் போடுவதும் தவறு. புதிய விண்டோஸ் லேப்டாப்கள் ஸ்லீப்பிலும் அவ்வப்போது விழித்து இயங்கும். காற்றில்லாத பையில் சூடேறி பேட்டரி வீணாகும். பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், மூடியை மூடினால் ஹைபர்னேட் (வேலையைச் சேமித்துவிட்டு முழுவதும் அணைதல்) ஆகும்படி மாற்றிவிடுங்கள். பேட்டரியின் கொள்ளளவு 50 முதல் 60 வாட்-ஹவர் இருந்தால் பயணத்துக்குச் சரி. 100க்குள் இருந்தால் விமானத்திலும் தடையில்லை.

பணம் கட்டுவதற்கு முன், ஆன்சைட் வாரண்டி (இருக்கும் இடத்துக்கே வந்து பழுது பார்ப்பது) உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். உதகையின் 643001க்கு வருபவர் பந்தலூர் பக்கத்துத் தேவாலாவுக்கும் வருவார் என்று எண்ணிவிட வேண்டாம். வராவிட்டால் ஒரு கீலுக்காகக் கோவைக்கு இருமுறை இறங்க வேண்டும், கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை. விழுந்து உடைவதைச் சாதாரண வாரண்டி ஏற்காது; விபத்துப் பாதுகாப்பைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

தங்கள் நாளிதழில் வரும் லேப்டாப் விளம்பரங்களில் சார்ஜருடன் சேர்ந்த மொத்த எடையையும், ஆன்சைட் சேவை உள்ள மாவட்டங்களையும் அச்சிடும்படி நிறுவனங்களிடம் தங்கள் விளம்பரப் பிரிவு கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ளோர்,
குன்னூர்.