தனித்து வாழும் தாயிடம் ஜீவனாம்ச ஆணை கேட்பது முறையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கணவர் விட்டுச் சென்ற பின், பால்மரம் சீவி இரண்டு பிள்ளைகளை வளர்த்து வரும் என் அண்டை வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக, அண்மையில் அரசாங்க நல உதவி கேட்கச் சென்றிருந்தேன். ஜீவனாம்சம் கோரி நீதிமன்றம் சென்றதற்கான தாள் எங்கே என்று அங்கிருந்த அதிகாரிகள் கேட்டார்கள். பிறப்புப் பத்திரங்களை மட்டும் பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்திருந்த அவர், பதில் பேசாமல் பையை மடித்துக்கொண்டார்.

மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு, பிள்ளையைப் பராமரிக்கும் கடமையைப் பெற்றோர் மீது சுமத்துகிறது. அதிலிருந்து எந்தத் தந்தையும் தப்பக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இருக்குமிடமே தெரியாத ஒருவரை, சில வீடுகளில் அடித்துத் துன்புறுத்திய ஒருவரை, நாட்கூலியை இழந்து அந்தத் தாயே தேடிப் பிடிக்க வேண்டுமா? உதவித்தொகை பெறும் தாய்மார்கள் ஜீவனாம்சத்திற்கு விண்ணப்பித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை பிரிட்டன் 2008-இல் கைவிட்டது. 2010 முதல், கிடைக்கும் ஜீவனாம்சத்தைக் காட்டி அத்தொகையைக் குறைப்பதையும் நிறுத்தியது.

இங்கும் உதவியை முதலில் வழங்கிவிட்டு, தந்தையைத் தேடிப் பணம் பெறும் பொறுப்பை அரசாங்கமே ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்