அக்கறை இருந்தால் படுக்கைப்புண் வராதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் முதியோர் நலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘வீட்டில் உள்ளவர்கள் கொஞ்சம் அக்கறை எடுத்துக்கொண்டால் படுக்கைப்புண் வரவே வராது’ என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அம்மாவை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்க எழுந்துபோனேன்.

அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலக்கை, வலக்காலில் அசைவில்லை; பேச்சும் போய்விட்டது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. தனியார் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது மருந்துச் சீட்டும் பில்லும் கொடுத்தார்கள். கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்த வேண்டும், ஊற்றிய பிறகும் அரைமணி நேரத்துக்குத் தாழ்த்தக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. புரையேறி, நிமோனியாவாகி, மறுபடி அதே வார்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் ஒரு நர்ஸ் சொன்னார். அதுவும் என் அக்கறைக் குறைவுதானா, ஐயா?

அதன் பிறகு ஒரு ஏஜென்சியை நம்பினேன். பதிவுக் கட்டணம், முன்பணம், மாதம் 24,000 ரூபாய். ‘பயிற்சி பெற்ற நர்ஸ்’ என்றார்கள். ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் படிப்புக்கே இரண்டு வருடம் ஆகும் என்பது தாங்கள் அறிந்ததுதான். வந்த பெண் அதற்கு முந்தைய மாதம் வரை ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவள். குழாயை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு எழுதிவைக்க ஒரு நோட்டுக் கொடுத்திருந்தேன். ஓர் இரவு பதினொரு மணிக்கு அதை எடுத்துப் பார்த்தேன். 12 மணி வலம், 2 மணி நேர், 4 மணி இடம், 6 மணி வலம் என்று விடியும்வரைக்கும் எழுதி முடித்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் அவள் துப்பட்டாவைப் போர்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். விளக்கைப் போட்டு அம்மாவைத் திருப்பினேன். வால் எலும்பின் மேல் எட்டணா அளவுக்குத் தோல் கன்றிச் சிவந்திருந்தது. பத்து நாளில் அது குழியாகிவிட்டது.

அவளைக் கண்டபடி திட்டினேன். அழுதுகொண்டே சொன்னாள்: இருபத்து நான்கு மணி நேர வேலைக்கு அவள் கைக்கு வருவது 13,000 ரூபாயாம். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்க யாரால் முடியும்? ஏஜென்சியைக் கேட்டதற்கு, ‘வேறு ஆள் அனுப்புகிறோம்’ என்றார்கள். ஐந்து மாதத்தில் நான்கு பேர் வந்து போனார்கள்.

யாரிடம் போய்ப் புகார் செய்வது? பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளைக் கேள்வி கேட்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால், கவனிக்கிறோம் என்று பணம் வாங்குகிறவர்களை அந்தச் சட்டம் கேட்பதில்லை. வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளும் பதிவு செய்ய வேண்டும் என்று 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதா சட்டமாகாமலே போனது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்கிறார்கள். அதுவும் மருத்துவமனையில் சேர்த்தால்தான். வீட்டில் மாதக்கணக்கில் கிடப்பவருக்கு?

தங்கள் பத்திரிகை மீதும் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. அன்னையர் தினம் வந்தால் முதியோர் இல்லத்து வாசலில் ஒரு படமும், கைவிட்ட பிள்ளைகளுக்குச் சாபமும் தவறாமல் வருகின்றன. கைவிடாதவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டு எழுதியதில்லை. ஆசிரியை வேலையை விட்டுவிட்டுத்தான் நான் இந்தக் கட்டில் அருகே உட்கார்ந்திருக்கிறேன். ‘மகள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது’ என்று உறவினர்கள் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டுப் பழகிவிட்டேன். அதையே அச்சிலும் படிக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் மனம் தாளவில்லை.

எங்களுக்கு வழி காட்டியவர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர். புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, “அக்கா, இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் உரியும்” என்றார். இடுப்புக்கடியில் ஒரு போர்வையை நான்காக மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கித் திருப்பச் சொன்னார். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று. பத்தே நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தைப் பதினான்கு மாதம் முன்பே ஒருவர் எங்களுக்குத் தந்திருந்தால் அம்மாவின் முதுகில் அந்தக் குழி விழுந்திருக்காது.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவரைப் போன்ற ஒரு செவிலியரிடம் கேட்டு, திருப்பும் முறையையும் தலையணை வைக்கும் இடங்களையும் படம் போட்டு ஒரு பக்கம் வெளியிடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வேன். அடுத்து வரும் பெண்ணும் பார்த்துக்கொள்வாள். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். இரவு விளக்கில் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்